குமுளி ஏற்றமும் லியூசினும்: உடலுழைப்பின் எரிபொருளைத் தேடிய ஒரு வரலாறு

முதுகலை மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியே இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். அவர் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வுக்காக விடியற்காலையில் லோயர்கேம்பிலிருந்து குமுளி மலைச்சாலையில் ஓடிப் பழகுகிறார். உடன் ஓடும் நண்பர்கள் 'பி.சி.ஏ.ஏ.' என்னும் கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கின்றனர். தானும் வாங்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. அதே சாலையில் அதே நேரத்தில் அவருடைய தாயார் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ஒரு டப்பாவின் விலை தாயாரின் பல நாள் கூலி என்று அவர் சொன்னபோது, இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட முடியாது என்று தோன்றியது. உழைக்கும் உடலில் எரிவது எது என்ற கேள்விக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் குன்னூரிலும் ஐதராபாத்திலும் எழுதப்பட்டவை.

1

செருமானிய வேதியியலறிஞர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1842இல் வெளியிட்ட விலங்கு வேதியியல் நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். தசை புரதத்தால் ஆனது. ஆகவே தசை சுருங்கும்போது அப்புரதமே சிதைந்து ஆற்றலைத் தருகிறது. மாவும் கொழுப்பும் உடலைச் சூடாக வைத்திருக்க மட்டுமே உதவுகின்றன. இதன்படி, மிகுதியாக உழைப்பவன் மிகுதியாகப் புரதம் உண்ண வேண்டும். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்த இக்கருத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோலோச்சியது. 'தசைக்குப் புரதம்' என்ற இன்றைய விளம்பரத் தொடரின் மூதாதை இதுவே.

அதைச் சோதித்த இடம் ஒரு மலை. 1865 ஆகஸ்ட் இறுதியில் சூரிச் பேராசிரியர்கள் இருவர், உடலியங்கியலறிஞர் அடால்ஃப் ஃபிக், வேதியியலறிஞர் யோகன்னஸ் விஸ்லிசெனுஸ், சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் சிகரத்தின் மீது ஏறினர். முந்தைய நாள் நண்பகல் முதல் அவர்கள் புரதம் எதையும் உண்ணவில்லை. மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த அடைகளே உணவு. ஏறுவதற்கு முன்பும், ஏறும்போதும், ஏறிய பின்பும் சிறுநீரைச் சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தனர். புரதத்தில் மட்டுமே நைட்ரஜன் இருப்பதால், அது வெளியேறும் அளவைக்கொண்டு எவ்வளவு புரதம் சிதைந்தது என்று கணக்கிடலாம்.

கணக்கு எளிமையானது. ஏறிய உயரம் 1,956 மீட்டர். ஃபிக்கின் எடை 66 கிலோ. எனவே அவர் செய்த வேலை 1,29,096 கிலோகிராம்-மீட்டர். விஸ்லிசெனுஸின் எடை 76 கிலோ. அவர் செய்த வேலை 1,48,656. சிதைந்த புரதமோ ஆளுக்கு ஏறத்தாழ 37 கிராம். அந்த 37 கிராமுக்கு எவ்வளவு ஆற்றல்? ஆங்கிலேய வேதியியலறிஞர் எட்வர்டு ஃபிராங்க்லேண்ட் உணவுப் பொருள்களை எரித்து வெப்பத்தை அளந்து 1866இல் விடை கண்டார். யூரியாவாக வெளியேறும் பகுதியைக் கழித்தால், அந்தப் புரதம் முழுவதும் வேலையாக மாறியிருந்தாலும் ஏற்றத்தின் பாதியளவுக்கே போதுமானதாக இருந்திருக்கும். இதயமும் மூச்சுத்தசைகளும் செய்த வேலை இக்கணக்கில் சேரவேயில்லை. தசை என்னும் பொறி தனக்குக் கிடைக்கும் ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது என்பதையும் சேர்த்தால், புரதத்தின் பங்கு இன்னும் சிறுத்துவிடும். மலையேற்றத்தின் எரிபொருள் மாவும் கொழுப்பும் என்பது அன்றே உறுதியாயிற்று.

2

இக்கணக்கைக் குமுளிக்குப் பொருத்திப் பார்க்கலாம். லோயர்கேம்பிலிருந்து குமுளி வரை உள்ள ஏற்றம் தோராயமாக 500 மீட்டர் எனக் கொள்வோம். ஜீப்புகள் வருவதற்கு முந்தைய காலத்தில், 60 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளி 10 கிலோ சுமையுடன் இந்த மலையில் ஏறினால் செய்யும் வேலை 35,000 கிலோகிராம்-மீட்டர். அதாவது ஏறத்தாழ 82 கிலோகலோரி. தசையின் செயல்திறன் நான்கில் ஒரு பங்கு எனில், உடல் உண்மையில் செலவிடுவது 330 கிலோகலோரி அளவு. அது ஏறக்குறைய 95 கிராம் அரிசி. இதில் புரதத்தின் பங்கு இருபதில் ஒன்று எனக் கொண்டால் 4 கிராம் புரதம் எரிந்திருக்கும். ஏற்றம் முடிந்த பின்னரே அவருடைய அன்றைய வேலை தொடங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது மலைக்காட்டில் உழைத்தவர்களும், பீர்மேடு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே சென்றவர்களும், ஏலமலைக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் சென்ற பெண்களும் தாங்குதிறன் உழைப்பாளிகளே. சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுவோரும், குமுளி வழியே சபரிமலைக்குச் செல்லும் பாதயாத்திரைக்காரர்களும் அவ்வகையினரே. இவர்கள் யாரும் விளையாட்டு அறிவியல் நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆனால் இந்தியாவில் உழைப்பு, உணவு, புரதம் ஆகியவற்றைப் பற்றிய அறிவியல் விவாதம் தொடங்கியது இத்தகைய உடல்களைப் பற்றித்தான். அது தொடங்கிய விதம்தான் சிக்கலானது.

3

ஃபிக், விஸ்லிசெனுஸ் ஆகியோரின் கணக்கு லீபிக்கின் கொள்கையை வீழ்த்தியது. ஆனால் புரதத்தின் மீதிருந்த மதிப்பை வீழ்த்தவில்லை. எரிபொருளாக இருந்த புரதம் இப்போது வீரியத்தின் அடையாளமாக மாறியது. 1904இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரசல் சிட்டெண்டன், படைவீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் கொண்டு சோதித்து, வழக்கத்தில் பாதிப் புரதமே போதுமென்று எழுதினார். அதை மறுத்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டேவிட் மெக்கே. வங்காளச் சிறைகளின் உணவை ஆராய்ந்த அவர், 1912இல் வெளியான நூலில், இந்திய மக்களிடையே காணப்படும் உடல்வலிமை வேறுபாடுகளுக்கு அவர்கள் உண்ணும் புரத அளவே காரணம் என்று வாதிட்டார். சோறுண்ணும் வங்காளி மெலிந்தவன், கோதுமையும் பாலும் உண்ணும் வடமேற்கத்தியன் வலியவன் என்ற படிநிலை இவ்வாறு ஓர் ஆய்வகச் சான்றைப் பெற்றது. 'போர்க்குடிகள்' என்று சில சமூகங்களைத் தனியே பிரித்துப் படைக்கு ஆளெடுத்த காலனி அரசுக்கு இந்த முடிவு மிகவும் ஏற்றதாக இருந்தது.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய எலிச் சோதனை இதன் அடுத்த கட்டம். பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய அவருடைய பணி, 1920களின் இறுதியில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. சீக்கியர், பத்தானியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், மதராசியர் ஆகியோர் உண்பதாகக் கருதப்பட்ட உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். சீக்கிய உணவுண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. மதராசி உணவுண்டவை கடைசியில் நின்றன. சீக்கிய உணவில் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி ஆகியவை இருந்தன. மதராசி உணவில் பெரும்பகுதி தீட்டிய அரிசி.

சோதனை தவறானதன்று. தீட்டிய அரிசியை மட்டும் நம்பிய உணவு குறைபாடுடையது என்பது உண்மை. ஆனால் அது ஓர் இனத்தின் உணவன்று. ஒரு வறுமையின் உணவு. தஞ்சாவூர் நிலக்கிழார் வீட்டிலும் பாலும் நெய்யும் பருப்பும் இருந்தன. அமிர்தசரஸ் கூலிக்காரன் வீட்டில் அவை இல்லாமலும் இருந்திருக்கலாம். எலிக்கூண்டின் மீது சமூகத்தின் பெயரை எழுதியபோது, வர்க்கம் மறைந்து இனம் முன்னுக்கு வந்தது.

1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு இந்த நோக்கை ஓரளவு மாற்றினார். ஆய்வுக்கூடம் கூண்டிலிருந்து கிராமத்துக்கு இறங்கியது. தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாக உணவை எடைபோட்டுக் கணக்கெடுத்தனர். 1937இல் வெளியான 23ஆம் எண் சுகாதாரச் சிற்றேடு இந்திய உணவுப் பொருள்களின் சத்துமதிப்பைப் பட்டியலிட்டது. இன்றுவரை நம் உணவியல் மாணவர்கள் பயன்படுத்தும் அட்டவணைகள் அதன் வழித்தோன்றல்கள்தாம். மக்கள் தவறானதை உண்கிறார்கள் என்பதோடு, பலர் போதுமான அளவே உண்ணவில்லை என்பதும் இக்கணக்கெடுப்புகளில் தெரியவந்தது.

4

இதற்கிடையே புரதம் என்னும் ஒரே சொல் பலவாகப் பிரிந்தது. அமெரிக்காவில் வில்லியம் ரோஸ் 1935இல் திரியோனினை இனங்கண்டபின், உடலால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எவை என்ற பட்டியல் முழுமை பெற்றது. லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இம்மூன்றின் கட்டமைப்பில் கார்பன் சங்கிலி கிளைவிட்டிருப்பதால் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் எனப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் கல்லீரலில் சிதைக்கப்பட, இவை முதன்மையாகத் தசையிலேயே சிதைவைத் தொடங்குகின்றன. இன்றைய வணிகம் முழுவதும் இந்த ஒரு வேதியியல் உண்மையின் மீது கட்டப்பட்டது.

தனி ஓர் அமினோ அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் மனித உடலில் என்ன நேரும் என்பதை இந்தியாவில் மிகக் கவனமாக ஆராய்ந்தவர் சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன். குன்னூரில் பணியைத் தொடங்கிய அவர், 1958இல் ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியபின் அதன் இயக்குநரானார். 1969இல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர்பெற்றது.

தக்காணத்தில் சோளம் உண்ணும் ஏழை உழவர்களிடம் பெலக்ரா நோய் காணப்பட்டது. வெயில்படும் தோல் கருகி உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நயாசின் குறைவால் வருவது. மக்காச்சோளம் உண்ணும் நாடுகளில் இதற்கு விளக்கம் இருந்தது. மக்காச்சோளத்தில் டிரிப்டோபன் குறைவு. உடல் டிரிப்டோபனிலிருந்து ஓரளவு நயாசினைச் செய்துகொள்ளும். மூலப்பொருள் இல்லாததால் நயாசினும் இல்லை. ஆனால் நம் வெள்ளைச் சோளத்தில் டிரிப்டோபன் அவ்வளவு குறைவில்லை. பிறகு ஏன் நோய்?

கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் இதழில் ஒரு விடையை முன்வைத்தனர். சோளப் புரதத்திலும் மக்காச்சோளப் புரதத்திலும் பொதுவாக மிகுந்திருப்பது லியூசின். இந்த மிகுதி, டிரிப்டோபன் நயாசினாக மாறும் பாதையைக் குலைக்கிறது என்பது அவர்களின் கருதுகோள். மனிதர்களுக்கு லியூசினைத் தனியே கொடுத்தபோது, இப்பாதையின் விளைபொருள்கள் சிறுநீரில் வெளியேறும் அளவு மாறியதை ஐதராபாத் குழுவினர் பதிவு செய்தனர். 1971இல் கமலா கிருஷ்ணசாமியும் கோபாலனும், நோயாளிகளுக்கு ஐசோலியூசினைக் கொடுத்தபோது தோல் நிலையிலும் மூளை மின்பதிவிலும் ஏற்பட்ட மாற்றங்களை எழுதினர். ஓர் அமினோ அமிலத்தின் மிகுதியை இன்னொன்று சமன்செய்கிறது என்பதே இதன் பொருள்.

பிற நாட்டு ஆய்வகங்களில் செய்யப்பட்ட பிற்காலச் சோதனைகள் பலவும் இந்த லியூசின் கருதுகோளை உறுதிசெய்யவில்லை. பெலக்ராவின் காரணமாக அதை இன்று யாரும் முழுமையாக ஏற்பதில்லை. ஆனால் அதிலிருந்த ஒரு பாடம் நிலைத்துவிட்டது. அமினோ அமிலங்கள் தனித்தனிப் பண்டங்களல்ல. ஒன்றன் அளவு மற்றொன்றன் போக்கை மாற்றும். இன்று ஓட்டக்காரர்களின் டப்பாவில் முதலிடம் பெறும் லியூசின், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் ஏழை உழவரின் நோய்க்குக் காரணமோ என்ற ஐயத்துக்கு உள்ளான அதே பொருள்தான்.

5

அதே காலத்தில் உலக அளவில் வேறொரு நாடகம் நடந்தது. ஏழை நாடுகளின் பெருஞ்சிக்கல் 'புரத இடைவெளி' என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் அறிவித்தன. 1968இல் ஐ.நா. வெளியிட்ட அறிக்கை வரவிருக்கும் புரத நெருக்கடியைப் பற்றி எச்சரித்தது. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினைத் தொழிற்சாலையில் செய்து மாவில் கலந்தால் தீர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான மாடர்ன் பேக்கரீஸின் ரொட்டியில் லைசின் சேர்க்கப்பட்டது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நிலக்கடலைப் புண்ணாக்கு மாவையும் கடலைப்பருப்பு மாவையும் கலந்து பல்நோக்கு உணவொன்றை உருவாக்கியிருந்தது.

இந்த ஒருமித்த கருத்தை எதிர்த்த குரல்களில் இரண்டு இந்தியக் குரல்கள் முக்கியமானவை. புள்ளியியலறிஞர் பி. வி. சுகாத்மே, 1970ஐ ஒட்டி, உணவுக் கணக்கெடுப்புகளை மீண்டும் ஆராய்ந்தார். இந்தியரின் வழக்கமான தானிய-பருப்பு உணவை ஒருவர் பசியாற உண்டால் புரதமும் பெரும்பாலும் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. புரதம் குறைவாக உள்ளவர்கள் பெரும்பாலும் கலோரியும் குறைவாக உள்ளவர்களே என்று காட்டினார். கோபாலன் குழுவினர் இதைக் களத்தில் சோதித்தனர். ஐதராபாத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில் சத்துக்குறைவான சிறு குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றால் ஆன சிற்றுணவை ஓராண்டுக்கும் மேலாகக் கொடுத்தனர். அதில் ஏறத்தாழ 300 கிலோகலோரி இருந்தது. புரதம் 3 கிராம் மட்டுமே. குழந்தைகள் வளர்ந்தனர். 1973இல் வெளியான இந்த ஆய்வு, பசியைப் புரதக்குறைவு என்று பெயர் மாற்றி அழைப்பதற்கு எதிரான வலுவான சான்றாயிற்று. அடுத்த ஆண்டே டொனால்டு மெக்லாரன், லான்செட் இதழில், புரத இடைவெளி என்ற கருத்தாக்கத்தையே ஒரு பெருந்தோல்வி என்று கண்டித்தார்.

இதன் உடலியங்கியல் அடிப்படை ஃபவுல்ஹார்ன் மலையில் கண்ட அதே உண்மைதான். உணவில் ஆற்றல் போதாதபோது உடல் தன் புரதத்தையே எரிபொருளாக்குகிறது. அந்நிலையில் கூடுதலாகக் கொடுக்கும் விலைமிக்க அமினோ அமிலமும் அடுப்பில்தான் போகும். முதலில் அடுப்புக்கு விறகு வேண்டும். அதன் பிறகே கட்டுமானத்துக்கு மரம்.

6

இனி விளையாட்டு அறிவியலுக்கு வருவோம். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த யோனஸ் பெரிஸ்ட்ரோமும் எரிக் ஹூல்ட்மனும் ஊசியால் தசையின் சிறு துணுக்கை எடுத்து ஆராயும் முறையைக் கையாண்டு, நீண்டநேர உழைப்பில் ஒருவர் சோர்ந்து நிற்கும் நேரமும் தசையிலுள்ள கிளைக்கோஜன் தீரும் நேரமும் ஒத்துப்போவதைக் காட்டினர். கிளைக்கோஜன் என்பது மாவுப்பொருளைத் தசை சேமித்துவைக்கும் வடிவம். தாங்குதிறன் உழைப்பில் எரியும் மொத்த ஆற்றலில் அமினோ அமிலங்களின் பங்கு பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 6 வரை மட்டுமே.

ஆனால் ஒரு நுட்பம் இங்குண்டு. 1980இல் லெமன், முல்லின் ஆகியோர் செய்த ஆய்வில், கிளைக்கோஜன் நிறைந்த தசையுடன் உழைத்தவர்களிடம் புரதத்தின் பங்கு நூற்றுக்கு 4.4, கிளைக்கோஜன் வற்றியவர்களிடம் 10.4. சோறு குறைந்த உடலில்தான் தசை எரிகிறது. ஐதராபாத் குழந்தைகளிடம் கண்ட நியதியே ஓட்டக்காரரிடமும் காணப்படுகிறது.

அப்படியானால் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் எப்படி இவ்வளவு புகழ்பெற்றன? ஆக்ஸ்போர்டின் எரிக் நியூஷோம் 1980களில் முன்வைத்த மையச்சோர்வுக் கருதுகோள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். நீண்டநேரம் ஓடும்போது இரத்தத்தில் கொழுப்பமிலங்கள் கூடுகின்றன. அவை ஆல்புமின் என்னும் இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருந்த டிரிப்டோபனை விலக்கி விடுவிக்கின்றன. அதே வேளையில் தசை கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. மூளைக்குள் நுழைய இரு தரப்பும் ஒரே வாயிலைப் பயன்படுத்துபவை. போட்டியாளர் குறைந்ததால் டிரிப்டோபன் அதிகமாக நுழைந்து செரட்டோனினாக மாறிச் சோர்வை உண்டாக்குகிறது. ஆகவே லியூசின் முதலியவற்றைக் குடித்தால் அவை வாயிலில் நின்று டிரிப்டோபனைத் தடுக்கும். ஐதராபாத்தில் நயாசினின் பாதையில் சந்தித்த லியூசினும் டிரிப்டோபனும் இங்கே மூளையின் வாயிலில் மீண்டும் எதிரெதிரே நிற்பதைக் காண்க.

கருதுகோள் அழகானது. ஸ்டாக்ஹோம் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஏவா புளூம்ஸ்ட்ராண்ட் குழுவினர், மெதுவாக ஓடியவர்களிடம் சிறு முன்னேற்றத்தைக் கண்டனர். வேகமாக ஓடியவர்களிடம் காணவில்லை. 1995இல் நெதர்லாந்தின் வான் ஹால் குழுவினர் மிதிவண்டி வீரர்களைக் கொண்டு, ஆய்வகத்தின் கட்டுப்பாட்டில் இதைச் சோதித்தனர். டிரிப்டோபன் கொடுத்தாலும், கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைக் குறைவாகவோ மிகுதியாகவோ கொடுத்தாலும், வீரர்கள் சோர்ந்து நிற்கும் நேரம் மாறவில்லை. மிகுதியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அம்மோனியாதான் கூடியது. அறிவியல் இவ்வாறு பின்வாங்கியது; சந்தை பின்வாங்கவில்லை.

டப்பாவின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கரண்டியில் 5 கிராம் அமினோ அமிலம் எனில், அது முழுவதும் எரிந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 20 கிலோகலோரி. நடுத்தர அளவுள்ள ஒரு நேந்திரம்பழம் நூற்றுக்கும் மேல் தரும். அதுவும் தசைக்கு உடனே வேண்டிய மாவுப்பொருள் வடிவில். தசையைப் புதுப்பிக்கவும் வளர்க்கவும் மூன்று அமினோ அமிலங்கள் மட்டும் போதா. இன்றியமையாதவை அனைத்தும் ஒருசேர வேண்டும். அரைச் சுவருக்கு மூன்று வகைச் செங்கல்லை மட்டும் குவித்துவிட்டு மற்றவற்றுக்குக் காத்திருக்கும் கொத்தனாரின் நிலையே தசைக்கும் ஏற்படும்.

7

இதனால் அமினோ அமிலங்களைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்று முடிவு செய்வது, புரத இடைவெளிக்காரர்களின் தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்வதாகும். பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பத் குழுவினர் செய்த ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. நிலையான கார்பன் ஐசோடோப்பால் குறியிட்ட அமினோ அமிலத்தைக் கொடுத்து, 24 மணிநேரம் மூச்சுக்காற்றை அளந்து, இந்திய ஆண்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை என்று கண்டனர். 1985இல் உலக அமைப்புகள் வைத்திருந்த அளவு 12 மில்லிகிராம். 2007இல் வெளியான உலகச் சுகாதார நிறுவன அறிக்கை 30 என்ற அளவை ஏற்றது. நெடுங்காலம் சத்துக்குறைவுடன் வாழ்ந்தவர்களின் குடலில் புழுக்கள் இருந்தால் இத்தேவை இன்னும் கூடுகிறது என்பதையும் அக்குழுவினர் காட்டினர்.

அதாவது சோற்றை மட்டுமோ கப்பையை மட்டுமோ உண்டு மலையில் உழைக்கும் ஒருவருக்கு லைசின் குறைவு என்பது உண்மையான ஆபத்து. அதற்குரிய மருந்து ஏலமலையின் அடுக்களைக்குப் புதிதன்று. கஞ்சியோடு பயறு, கப்பையோடு மீன், இட்லியில் அரிசியோடு உளுந்து, சோற்றோடு பருப்பு, ஒரு முட்டை, ஒரு குவளை மோர். தானியத்தில் குறைவான லைசினைப் பருப்பு தருகிறது. பருப்பில் குறைவான மெத்தியோனினைத் தானியம் தருகிறது. ஆனால் கூலி குறையும்போது ஒரு வீட்டில் முதலில் குறைவது சோறன்று. பருப்பும் மீனும் முட்டையும்தான். அங்கே அமினோ அமிலச் சிக்கல் என்பது கூலிச் சிக்கலாகவும், பொது வினியோகத்தில் எவை கிடைக்கின்றன என்ற சிக்கலாகவும், நல்ல கழிப்பறை உள்ளதா என்ற சிக்கலாகவும் மாறிவிடுகிறது.

தாங்குதிறன் விளையாட்டு வீரர்களுக்கும் புரதத் தேவை சற்றுக் கூடுதல்தான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் பிற அமைப்புகளும் 2016இல் வெளியிட்ட கூட்டறிக்கை உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்யும் 60 கிலோ இளைஞருக்குக் குறைந்த அளவான 72 கிராம், பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றைக் கொண்டு நிறைவேற்றக் கூடியதே. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் தசை வளர்க்கும் நோக்கில் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. குன்னூரில் தொடங்கிய அந்நிறுவனம் நூறாண்டைக் கடந்தபின் சொல்லும் சொல் அது.

8

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது. ஓடுவதற்கு ஒரு மணிநேரம் முன்பு ஏதேனும் மாவுணவு, ஓடி முடித்ததும் வீட்டுச் சாப்பாடு, அதில் பயறும் முட்டையும் தவறாமல், டப்பா வேண்டாம், அந்தப் பணத்தில் வீட்டுக்குப் பருப்பு வாங்குங்கள், தாயாரும் உண்பார். அவர் ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, ஓடுகிற எனக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று இத்தனை ஆய்வு இருக்கிறதே, நாள் முழுக்க மலைச்சரிவில் குனிந்து காய் பறிக்கிற அம்மாவுக்கு எவ்வளவு வேண்டும் என்று யாராவது அளந்திருக்கிறார்களா?"

நம் துறை மாணவர்கள் முன்வைக்க வேண்டிய ஆய்வுக் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். 1865இல் இரண்டு பேராசிரியர்கள் தங்கள் உடலையே அளந்து ஒரு பெருங்கொள்கையை வீழ்த்தினர். மெக்காரிசன் எலிகளை அளந்தார். அய்க்ராய்டு வீட்டுப் பானைகளை அளந்தார். கோபாலன் பசித்த குழந்தைகளை அளந்தார். எதை அளக்கிறோம், யாரை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே கிடைக்கும் விடையும் அமைந்தது. மாரத்தான் வீரரின் மூச்சை அளக்கும் கருவி இன்று கையடக்கமாக வந்துவிட்டது. அதைக் குமுளிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய், அறுவடைக் காலத்தில், அத்தொழிலாளர்களின் சம்மதத்துடனும் அவர்களுக்குப் பயன்படும் வகையிலும் ஓர் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் இருந்தால் எழுதுங்கள். கேள்வி அந்த மாணவருடையது. ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் அவருக்கும் அவருடைய தாயாருக்கும் நன்றி சொல்ல மறக்க வேண்டாம்.